கதவு யாருக்கு மூடியிருக்கிறது? ஒரு சொல்லும் பினாங்கின் வரலாறும்



ஆங்கிலத்தில் 'எக்ஸ்குளூசிவ்' என்று ஒரு சொல் இருக்கிறது. மலாயில் 'எக்ஸ்குளூசிஃப்' என்கிறார்கள். பட்டணத்துக்குப் போய்வரும் பிள்ளைகள் இதை அடிக்கடி கேட்டிருப்பார்கள். கடற்கரையோரம் எழும்பும் அடுக்குமாடி வீட்டுக்கு விளம்பரம் செய்தால் இந்தச் சொல் வரும். விலை உயர்ந்த கைக்கடிகாரத்துக்கும் வரும். உறுப்பினர் மட்டுமே நுழையக்கூடிய மன்றத்தின் வாசலிலும் இது இருக்கும். கேட்பவர்களுக்கு இது ஏதோ உயர்ந்த பொருளைக் குறிக்கும் சொல் என்று படுகிறது. இதன் நேர்ப்பொருள் என்ன, இதே கருத்தை உருது மொழி எப்படிச் சொல்கிறது, இந்தப் பினாங்குத் தீவிலும் நம் தோட்டப்புறங்களிலும் இந்தச் சொல் மனிதர்களை என்ன செய்தது என்பதை இன்று காண்போம்.

சொல்லாராய்ச்சி நமக்கெதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் பாட்டனாரும் தந்தையாரும் வாழ்ந்த வாழ்க்கையின் ஒரு பகுதி இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் ஆங்கிலச் சொல். இது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'கிளாவ்தெரே' என்றால் மூடுதல், தாழிடுதல். இரண்டும் சேர்ந்தால் 'வெளியே நிறுத்திக் கதவை மூடுதல்' என்று பொருள். இதற்கு எதிர்ச்சொல் 'இன்குளூசிவ்'. அதுவும் அதே கதவைப் பற்றியதுதான். உள்ளே விட்டுக் கதவை மூடுவது. ஆக, ஆங்கிலத்தில் இந்தக் கருத்தின் நடுவில் ஒரு கதவு நிற்கிறது. ஒருவர் உள்ளே இருக்கிறார், மற்றவர் வெளியே நிற்கிறார். விளம்பரத்தில் பளபளக்கும் சொல்லின் அடியில் இந்தக் கதவுதான் இருக்கிறது.

நம் நாடுகளின் வரலாற்றில் இந்தச் சொல் பெரிய எழுத்தில் எழுதப்பட்ட நாள் ஒன்று உண்டு. 1600ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியார் லண்டன் வணிகர்கள் சிலருக்கு ஒரு சாசனம் வழங்கினார். கீழ்த்திசை நாடுகளோடு வாணிபம் செய்யும் உரிமை 15 ஆண்டுகளுக்கு அவர்களுக்கு மட்டுமே என்பது அதன் சாரம். மற்ற ஆங்கிலேயர் யாரும் அதில் நுழையக்கூடாது. அப்படிப் பிறந்ததுதான் கிழக்கிந்தியக் கம்பெனி. அந்தத் தனியுரிமை நீண்டுகொண்டே போயிற்று. இந்திய வாணிபத்தில் அது 1813ஆம் ஆண்டில் முடிந்தது; சீன வாணிபத்தில் 1833ஆம் ஆண்டில்தான் முடிந்தது. அந்தக் கம்பெனியின் பெயரால்தான் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றினார்.

இனி உருதுவுக்கு வருவோம். உருதுக்கும் பினாங்குக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழும். கம்பெனியாரோடு இந்தியச் சிப்பாய்களும் இங்கு வந்தார்கள். 'சிப்பாய்' என்ற சொல்லே 'சிபாஹி' என்பதிலிருந்து வந்ததுதான். ஜார்ஜ் டவுனில் இன்றும் 'சிப்பாய் லைன்ஸ்' என்ற பெயரில் ஒரு சாலை உண்டு. வரிசையாகக் கட்டிய சிப்பாய்க் குடியிருப்புக்கு 'லைன்' என்று பெயர். தோட்டத்தில் நாம் குடியிருந்த 'லயம்' என்ற சொல்லும் அந்த 'லைன்'தான். லைட் தெருவிலிருந்து அதிக தூரமில்லாத லீத் தெருவில் வங்காளி பள்ளிவாசல் இருக்கிறது. வடஇந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்களின் நினைவை அந்தப் பெயர் இன்றும் வைத்திருக்கிறது. அவர்கள் பேச்சோடு உருதுச் சொற்களும் கரையேறின.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நிற்கும் கருத்து உருதுவில் மூன்றாகப் பிரிகிறது. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

முதற்சொல் 'காஸ்'. இது அரபு மொழியிலிருந்து வந்தது. ஒருவருக்கோ ஒரு காரியத்துக்கோ உரியது, அதற்கென்று எடுத்து வைத்தது என்று பொருள். இதற்கு எதிர்ச்சொல் 'ஆம்'. தமிழில் 'ஆம்' என்றால் சம்மதம். உருதுவில் 'ஆம்' என்றால் பொது, எல்லாருக்கும் உரியது. டில்லிச் செங்கோட்டையில் ஷாஜகான் கட்டிய மண்டபங்கள் இரண்டு உண்டு. 'திவானே ஆம்' என்பது குடிமக்கள் குறை சொல்ல வந்த பொது மண்டபம். 'திவானே காஸ்' என்பது அரசர் தம் பிரபுக்களோடும் தூதர்களோடும் கூடிப் பேசிய தனி மண்டபம்.

இந்த இரண்டு சொற்களும் உங்களுக்குப் புதியவை அல்ல. மலாய் மொழியும் அரபு வழியாக இவற்றைப் பெற்றிருக்கிறது. உடற்குறையோ கற்றல் குறையோ உள்ள பிள்ளைகளுக்கான கல்வியைப் 'பெண்டிடிக்கான் காஸ்' என்கிறோம். பொதுமக்களை 'ஒராங் அவாம்' என்கிறோம். அந்த 'அவாம்' என்பது 'ஆம்' என்ற சொல்லின் பன்மைதான். 'காஸ்' என்றவுடன் நம் 'காசு' நினைவுக்கு வரலாம். இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆனால் காசு உள்ளவனுக்கு மட்டுமே காஸ் என்று உலகம் நடக்கும்போது உறவு வந்துவிடுகிறது!

இரண்டாவது சொல் 'இஜாரா'. ஒரு நிலத்தையோ ஒரு வருமானத்தையோ குறித்த தொகைக்கு ஒருவரிடம் ஒப்படைப்பது இது. நம் குத்தகைதான். தமிழ்நாட்டின் பழைய நில ஆவணங்களில் 'இஜாரா', 'இஜாராதார்' என்ற சொற்களைக் காணலாம். ஒரு தொழில் முழுவதையும் ஒருவரே கைப்பற்றிக்கொள்ளும் ஏகபோகத்துக்கு இன்றைய உருதுவில் 'இஜாராதாரி' என்று பெயர்.

மூன்றாவது சொல் 'மஹ்ரூம்'. கிடைக்க வேண்டியது கிடைக்காமல் தடுக்கப்பட்டவர் என்று பொருள். 'ஹராம்' என்ற சொல் பிறந்த அதே வேரிலிருந்து பிறந்தது இது. ஆங்கிலச் சொல் உள்ளே இருப்பவரின் பெருமையைப் பேசுகிறது. 'மஹ்ரூம்' என்பது வெளியே நிற்பவரைப் பற்றிப் பேசுகிறது.

ஆகவே ஒன்று தனியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இது ஒரு நல்ல தேவைக்காக எடுத்து வைத்ததா? யாரோ விலை கொடுத்து வளைத்துக்கொண்டதா? இதனால் வெளியே நிற்பவர் யார்? உருதுவில் கேள்விக்கு ஒன்றாகச் சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் மூன்றும் மறைந்துவிடுகின்றன. உருது பேசிய அரசுகளில் கதவுகள் இல்லை என்று இதனால் எண்ணிவிட வேண்டாம். திவானே காஸுக்குள் ஏழைக் குடியானவர் நுழைந்துவிட முடியாது. சொல் நன்றாக இருப்பதனால் ஆட்சி நன்றாக இருந்துவிடாது. ஆனால் சொற்கள் பிரிந்து நிற்கும்போது கேள்வி கேட்பது எளிது.

இந்த மூன்று கேள்விகளையும் பினாங்கு வரலாற்றில் வைத்துப் பார்ப்போம்.

பினாங்கு ஒரு சுங்கமில்லாத் துறைமுகமாகத் தொடங்கியது. வருகிற கப்பல்களிடம் சுங்கவரி வாங்கவில்லை என்றால் ஆட்சிச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? கம்பெனியார் கண்டுபிடித்த வழி குத்தகை முறை. அபினி, சாராயம் முதலியவற்றை விற்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். அதிகத் தொகை கேட்டவருக்கு அந்த உரிமை. அவர் மாதந்தோறும் அரசுக்குக் குறித்த தொகையைக் கட்டிவிட வேண்டும். அதற்குப் பதிலாக, கச்சா அபினியைக் காய்ச்சி 'சண்டு' ஆக்கி விற்கும் உரிமை அவர் ஒருவருக்கே. வேறு யார் விற்றாலும் அது கள்ளக்கடத்தல். அதைப் பிடிக்கக் குத்தகைதாரரே சொந்தக் காவல் ஆட்களை வைத்துக்கொண்டார். சந்தேகமில்லாமல் இது இஜாராதாரிதான்.

கணக்கைப் பாருங்கள். குத்தகைதாரருக்கு லாபம், அரசுக்கு வருமானம். நட்டம் யாருக்கு? அபினியின் பெரும்பகுதியை வாங்கியவர்கள் ஈயச் சுரங்கங்களிலும் துறைமுகத்திலும் பாடுபட்ட சீனத் தொழிலாளர்கள். நாளெல்லாம் உழைத்த உடல்வலி தீர அவர்கள் புகைத்தார்கள். பிறகு விட முடியாமல் புகைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினியிலிருந்து வந்தது. சாலைகளும் அலுவலகங்களும் எழும்பிய பணத்தில் பாதி அந்தத் தொழிலாளர்களின் மூச்சிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இதை எதிர்த்த பினாங்குக்காரர் ஒருவரின் வரலாறு நாம் எல்லாரும் அறிந்திருக்க வேண்டியது. அவர் டாக்டர் ஊ லியென் தே. 1879ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்தவர். பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்தார். 1816ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தப் பள்ளியின் பெயரிலுள்ள 'ஃபிரீ' என்ற சொல்லுக்கு, எந்த இனத்தவருக்கும் எந்தச் சமயத்தவருக்கும் திறந்தது என்று பொருள். அங்கே படித்து, அரசியாரின் உபகாரச் சம்பளம் பெற்று, 1896ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். பரிசுகளோடு ஊர் திரும்பினார். ஆனால் அரசாங்க மருத்துவத் துறையின் உயர்ந்த பதவிகள் வெள்ளைக்காரருக்கு மட்டுமே. கேம்பிரிட்ஜ் பட்டமே இருந்தாலும் ஆசியருக்கு அந்தக் கதவு திறக்காது. அவர் பினாங்கில் சொந்தமாக மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்.

நோயாளிகளிடம் அபினியின் கேட்டைக் கண்ணாரக் கண்ட அவர் அபினி ஒழிப்பு இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1906ஆம் ஆண்டு ஈப்போவில் பெரிய மாநாடு ஒன்றும் கூடியது. அபினியால் பிழைத்தவர்களுக்கு இது பிடிக்குமா? 1907ஆம் ஆண்டு அவருடைய மருந்தகத்தைச் சோதனையிட்டார்கள். சிகிச்சைக்காக வைத்திருந்த அபினி மருந்து ஒரு அவுன்சு கிடைத்தது. அபினியை எதிர்த்தவர் மேலேயே அபினி வைத்திருந்த வழக்கு! அபராதமும் விதித்தார்கள். மனம் நொந்த அந்த மருத்துவர் சீன அரசின் அழைப்பை ஏற்றுக் கடல் கடந்தார். 1910ஆம் ஆண்டு இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் நோய் பரவியபோது அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். மூச்சுக்காற்றால் நோய் பரவுகிறது என்று கண்டு, துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தை எல்லாரும் அணியும்படி செய்தார். 2020ஆம் ஆண்டில் நாமெல்லாரும் முகக்கவசம் அணிந்தபோது உலகம் அவர் பெயரை மறுபடியும் நினைத்தது. 1960ஆம் ஆண்டில் அவர் பினாங்கிலேயே காலமானார்.

கதவை மூடியதால் நட்டப்பட்டவர் அந்த மருத்துவர் மட்டும்தானா? இல்லை. இந்த ஊர் ஒரு பெரிய மருத்துவரை இழந்தது. 1910ஆம் ஆண்டில் அபினிக் குத்தகை முறை ஒழிந்தது. ஆனால் அரசே அபினிக் காய்ச்சலையும் விற்பனையையும் கையில் எடுத்துக்கொண்டது. குத்தகைதாரர் மாறினார், புகைத்தவர் மாறவில்லை.

பதவிகளிலும் இதே கதைதான். மலாயாவின் உயர்ந்த ஆட்சிப்பணிக்கு 1904ஆம் ஆண்டில் ஒரு விதி வந்தது. தந்தை வழி, தாய் வழி இரண்டிலும் ஐரோப்பிய வம்சத்தவராக இருப்பவர்தாம் அதில் சேரலாம். படிப்பும் திறமையும் பிறகுதான், முதலில் பிறப்பு. பொழுதுபோக்கு மன்றங்களும் அப்படியே நடந்தன. தஞ்சோங் பூங்காவில் 1903ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியர் நீச்சல் மன்றம் நடத்தினார்கள். உள்ளே போக முடியாத சீனர்கள் 1928ஆம் ஆண்டில் அதே கடற்கரையில் தமக்கென ஒரு நீச்சல் மன்றம் கண்டார்கள். கடல் ஒன்றுதான், அதில் இறங்குவதற்குத்தான் இரண்டு வாசல்.

இந்தக் காலத்திலேயே பினாங்கில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்தது. 1870களில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் இங்கு வந்து இந்துஸ்தானி மொழியில் நாடகம் நடத்தின. அரசர், அரசியர், தேவர், அசுரர் கதைகள். மொழி புரியாதவர்களும் பாட்டுக்காகவும் காட்சிக்காகவும் திரண்டார்கள். அந்தக் குழுக்களின் திரைகளையும் உடைகளையும் வைத்துக்கொண்டு 1885ஆம் ஆண்டில் மாமாக் புஷி என்பவர் பினாங்கில் மலாய் மொழியில் ஒரு நாடகக் குழு அமைத்தார். 'புஷி இந்திரா பங்சாவான்' என்பது அதன் பெயர். 'பங்சாவான்' என்றால் உயர்குலத்தோர். நம் 'வம்சம்' என்ற சொல்லின் உறவுதான் அது. ஆனால் அந்த நாடகம் உயர்குலத்தோருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரே கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மேடையில் நடந்தது காஸ். எதிரே உட்கார்ந்திருந்தது ஆம். பெயரில் பிரபுத்துவம் இருந்தாலும் வாசல் திறந்திருந்தது.

இனி நம் தோட்டப்புறத்துக்கு வருவோம். ரப்பர் தோட்டம் என்பது தனியாருக்குச் சொந்தமான நிலம். உள்ளே போகும் சாலையும் தனியாருடையது. லயமும் அவர்களுடையது. அண்ணன் ஒரு தோட்டத்திலும் தங்கை வேறொரு தோட்டத்திலும் வாழ்ந்தால், ஒருவரை ஒருவர் பார்க்கப் போவதற்கும் நிர்வாகத்தின் தயவு தேவைப்பட்டது. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறி நுழைந்தவர். துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிற தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும். சைக்கிள் அவர் காசில் வாங்கியது, கால் அவருடையது, ஆனால் சாலையின் மரியாதை துரைக்கு மட்டும் உரியது!

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் அதற்கு முன்னணியில் நின்றார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல கல்வியும், நோய்க்கு முறையான மருத்துவமும் வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பரும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கூலி உயர்வு மட்டுமே அவர்கள் கேட்டதாக எண்ணிவிடக் கூடாது. அந்தப் பட்டியலில் பாதி கதவைப் பற்றியது. படிக்கிற கதவு, மருத்துவத்தின் கதவு, உறவினர் வருகிற கதவு, தலை நிமிர்ந்து போகிற சாலை. ஆங்கிலச் சொல்லின் பொருளை அகராதி பார்க்காமலேயே அவர்கள் தெரிந்துகொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை வந்தது, தொழிலாளர்கள் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். சைக்கிளில் ஏறியபடியே போகும் உரிமைக்காகவும் நம்மவர் உயிர் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் பினாங்கு நகரமே இந்தச் சொல்லின் முழுப்பொருளைக் கண்டது. டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு வீசின. என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெருவில் கூடியிருந்த மக்கள் ஏராளமாக மாண்டார்கள். அடுத்த சில நாட்களில் ஐரோப்பியக் குடும்பங்களை இரவோடிரவாகப் படகேற்றி அனுப்பினார்கள். டிசம்பர் 16, 17ஆம் நாட்களில் எஞ்சியிருந்த ஐரோப்பிய அதிகாரிகளும் வெளியேறினார்கள். ஊர்மக்களுக்கு அறிவிப்பு இல்லை. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் விடிந்து பார்த்தபோது, ஆள்வதற்கு யாரும் இல்லை. அதற்குப் பிறகு வானொலியில் பேசிய ஆங்கிலேய அமைச்சர் ஒருவர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டுவிட்டனர் என்ற பொருளில் பேசினார். அவர் கணக்கில் மக்கள் என்பது யாரைக் குறித்தது என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

கைவிடப்பட்ட ஊரைத் தாங்கிப் பிடித்தவர்களில் முன்னின்றவர் ஓர் இலங்கைத் தமிழர். 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவர். மேலும் குண்டு விழாமல் ஊரைக் காப்பதற்காக அப்படிச் செய்தார். பல இனத்தவரும் சேர்ந்த ஒரு சேவைக் குழு அமைந்தது. அதற்கு அவர் தலைமை ஏற்றார். கொள்ளையைத் தடுப்பது, உணவைப் பங்கிடுவது, காயமுற்றவரைக் கவனிப்பது ஆகிய வேலைகளை அந்தக் குழு பார்த்தது. டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் தீவில் இறங்கினார்கள். பிறகு வந்த துன்பம் வேறு கதை. ஆனால் அந்தச் சில நாட்களில், மஹ்ரூம் ஆக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடித் தங்கள் ஊரைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். கதவை மூடிக்கொண்டு போனவர்களின் மதிப்பு மக்கள் மனத்தில் பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை. போருக்குப் பிறகு, பிறப்பைப் பார்க்கும் அந்த 1904ஆம் ஆண்டு விதியும் நிற்க முடியவில்லை.

நேயர்களே, பிறர் மூடிய கதவுகளைப் பற்றியே இதுவரை பேசினோம். நாம் மூடிய கதவுகளையும் பேசினால்தான் நியாயம். தமிழ்நாட்டில் பல கோயில்களின் வாசல், தாழ்த்தப்பட்டவர் என்று சொல்லப்பட்ட மக்களுக்கு நூற்றாண்டுகளாக மூடியிருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துச் சென்றது 1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான். கடல் கடந்து வந்தபோது அந்த வழக்கத்தையும் நம்மவர் மூட்டையில் கட்டி எடுத்து வந்தார்கள். ஒரே லயத்தில் குடியிருந்தும், ஒரே பெரட்டில் நின்று பேர் கொடுத்தும், திருவிழாவில் மட்டும் வேறு வேறு வரிசை பார்த்த தோட்டங்கள் இருந்தன. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கி மலாயா முழுவதும் பேசிச் சென்றபோது இந்தக் கதவுகளைத்தான் தட்டினார். துரையின் முன் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொல்லும் நாம், நம்மில் ஒருவரைத் தள்ளி நிற்கச் சொல்லலாமா? ஒரு கதவைத் திறக்கச் சொல்பவருக்கு இன்னொரு கதவை மூடி வைக்க உரிமை இல்லை.

அப்படியானால் தனியாக ஒன்றை வைத்துக்கொள்வதே தவறா? இல்லை. உருதுவின் 'காஸ்' என்ற சொல் நமக்கு உதவுவது இந்த இடத்தில்தான். கற்றல் குறையுள்ள பிள்ளைக்குத் தனி வகுப்பு வைப்பது அந்தப் பிள்ளையைத் தள்ளுவதற்கல்ல, தூக்கி விடுவதற்கு. தேவையுள்ளவருக்கென்று எடுத்து வைப்பது வேறு. தேவையுள்ளவரை வெளியே நிறுத்துவது வேறு.

நம் வரலாற்றிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. சுதந்திரம் வந்த காலத்தில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் போய் லயமும் போய்த் தொழிலாளர் குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்றார். மாதம் பத்து வெள்ளி சேமியுங்கள். நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கியது. பினாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டம்தான் அது. பெரட்டில் பேர் கொடுத்து, பால்மரம் சீவிப் பிழைத்தவர்கள் ஒரு தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள். ஒருவன் மட்டும் வளைத்துக்கொண்ட இஜாரா அல்ல அது. பலர் சேர்ந்து, தங்களைப் போன்றவர்களுக்கென்று எடுத்து வைத்தது. துண்டாடலை அது ஒன்றே நிறுத்திவிடவில்லை. ஆனாலும் தொழிலாளர் கையிலும் ஒரு கதவின் சாவி இருக்க முடியும் என்பதை அது காட்டியது.

இன்று தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பலர் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். இங்கே அவர்களை வரவேற்பது விளம்பரப் பலகைகள். உயர்ந்த மதிலும் காவலரும் உள்ள குடியிருப்புகளின் வாசலில் அந்தப் பளபளப்பான சொல் எழுதியிருக்கும். அதில் வீடு வாங்குவதா வேண்டாமா என்பது அவரவர் வசதி. ஆனால் அந்தச் சொல்லைக் காணும்போது நாம் முன்னே சொன்ன மூன்று கேள்விகளைப் பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டும். யாருடைய தேவைக்காக இது எடுத்து வைக்கப்பட்டது? யார் விலை கொடுத்து வளைத்துக்கொண்டார்? வெளியே நிற்பவர் யார்?

ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியும், ஒரு சங்கத்தைப் பற்றியும், ஒரு கோயிலைப் பற்றியும், நம் வீட்டுத் திண்ணையைப் பற்றியும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். நல்ல விடை வந்தால் அதைப் போற்றுவோம். விடை சொல்லத் தயங்கினால், அங்கே ஒரு கதவு மூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். டாக்டர் ஊ லியென் தே தட்டிய கதவும், கிள்ளான் தொழிலாளர்கள் தட்டிய கதவும் கேட்டவுடனே திறந்துவிடவில்லை. ஆயினும் தட்டியவர்கள் இருந்ததனால்தான் நம் பிள்ளைகள் இன்று பல வாசல்களில் தயக்கமில்லாமல் நுழைகிறார்கள்.